தள்ளுவண்டியிலிருந்து ஓர் அம்பு

ஹெல்ம்விக் நூலகத்தின் கீழ்த்தளக் கூட்ட அறையில், ஜன்னலில்லாத நீளச் சுவர் முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. ஏழு மீட்டர். அதில் இருந்தது இன்னும் எழுதப்படாத ஒரு மென்பொருள்: கட்டங்கள், கோடுகள், அம்புகள், ஓரத்தில் குச்சிக் கையும் குச்சிக் காலுமாய்ச் சில மனிதர்கள். வரைந்தவள் போடில்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சுவரைப் பார்க்க நான்கு பேர் வருவார்கள். ஃபியோர்டு என்னும் கடற்கழியைச் சுற்றியுள்ள நான்கு ஊர்களின் பண்பாட்டுக் குழு, ஊருக்கு ஒருவர். நான்கு ஊர் நூலகங்களுக்கும் சேர்த்துப் போடிலின் திட்டப்படி புதிதாக ஒன்றைக் கட்டுவதா, இல்லை கோபன்ஹேகனில் ஒரு பெரிய கம்பெனி ஆயத்தமாக விற்பதை வாங்கிப் போட்டுக்கொள்வதா என்று அவர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். மூன்று கை உயர்ந்தால் போதும். உயராவிட்டால் மூன்று மாத வேலையைச் சுருட்டிப் பழைய காகிதத் தொட்டியில் போட வேண்டியதுதான். போடிலும் டோர்கிலுமாக இரண்டே பேர் நடத்திவந்த மென்பொருள் அலுவலகத்துக்கு அதற்கு அடுத்து வேறு வேலையும் கைவசம் இல்லை.

அதற்காகப் போடில் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. ஐம்பத்தொரு வயதில் அவளுக்குத் தன் கையின் மேல் நம்பிக்கை இருந்தது. முதல் படத்தில் யார் யார் நூலகத்துக்கு வருகிறார்கள், வந்து என்ன கேட்கிறார்கள். இரண்டாவதில் அங்கே என்னென்ன இருக்கின்றன, எது எதோடு சேர்ந்தது. மூன்றாவதில் யார் யாரிடம் எந்த வரிசையில் பேசுகிறார்கள். நான்காவது படம் அவளுக்குப் பிடித்தது, ஒரு புத்தகத்தின் வாழ்க்கை. அலமாரியில் இருக்கிறது, வெளியே போகிறது, திரும்பி வருகிறது, மறுபடி அலமாரி. என்றாவது ஒரு நாள் கிழிந்து கழிக்கப்படுகிறது.

இவற்றைச் சோதிக்க அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. நிஜப் புத்தகம் ஒன்றை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கை விரலைக் கோட்டின் மேல் வைத்து, என்ன நடக்கிறதென்று வாய்விட்டுச் சொல்லியபடியே நடக்க வேண்டும். கோடு இல்லாத இடத்துக்கு விரல் போக விரும்பினால் தப்பு விரலில் இல்லை, படத்தில். "நடத்திப் பார்க்கிறது" என்பாள் அதை. நடத்திப் பார்க்காத படத்தை வைத்து ஒரு வரி நிரல் எழுதவும் டோர்கிலை விடமாட்டாள்.

டோர்கில் நாற்பது வயதுக்காரன். வேகமாக எழுதுவான், காத்திருக்கத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மேசையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தான்.

"இந்நேரம் நான் பாதி எழுதி முடிச்சிருப்பேன், போடில். நீ இன்னும் குச்சி மனுசனுக்குக் கால் வரைஞ்சிட்டிருக்க."

"எழுதியிருப்ப. நான் தப்பு பண்ணினா ரப்பர் போதும். நீ தப்பு பண்ணினா உன்ன ஒரு மாசம் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டணும். சாப்பாடு வேற அனுப்பணும்."

"நல்ல சாப்பாடா இருந்தா எனக்குச் சம்மதம்தான்."

"காலக் கீழ போடு. அது கூட்ட மேசை."

அன்று மதியம் தலைமை நூலகர் விபெகே காப்பிக் குடுவையோடு கீழே இறங்கி வந்தார். ஓய்வுக்கு இரண்டு ஆண்டு மீதமிருந்த மனுஷி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டாவது படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். வாசகர் என்ற கட்டத்திலிருந்து பிரதி என்ற கட்டத்துக்கு 'இரவல்' என்று ஒரு கோடு போயிருந்தது. அதன் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் கோடு எங்க முடியுது?"

"முடியாது. யார் எதை எப்ப எடுத்தாங்கங்கிறது அப்படியே இருக்கும். எல்லா இடத்திலயும் இப்படித்தான் வரைவாங்க."

"எல்லா இடத்திலயும் என்னத்தையோ வரையட்டும். இங்க புத்தகம் திரும்பி வந்தாச்சுன்னா ஆள் வேற, புத்தகம் வேற. விவாகரத்துப் பத்தி யார் படிச்சா, குடியை விடுறது எப்படின்னு யார் படிச்சா, எனக்கே தெரிய வேணாம். இந்த ஊர்ல ஆறாயிரம் பேரு. எல்லாருக்கும் எல்லார் கதையும் தெரியும். தெரியாத இடம் இது ஒண்ணுதான்."

புத்தகம் திரும்பியதும் பேர் அழியும்படி போடில் அந்தக் கோட்டுக்கு ஒரு முடிவு போட்டாள். நியாயம் என்று பட்டதும் ரப்பரை எடுத்துவிடுகிற ஜாதி அவள். ஆனால் விஷயம் காதுக்கு எட்டி, புதன்கிழமை காலை குழுத் தலைவர் ஃபிளெமிங் தொலைபேசியில் வந்தார். முப்பது வருடம் பால் பண்ணைக் கூட்டுறவை நடத்திவிட்டுப் பண்பாட்டுக்கு வந்தவர். பேச்சு பாறை மாதிரி இருக்கும்.

"காப்பி கொட்டின புத்தகம் திரும்பி வருது. கொட்டினது யாருன்னு உங்க மெஷின் அதுக்குள்ள மறந்துடுமா? அப்படின்னா நான் கை தூக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிட்டேன், அப்புறம் குத்தம் சொல்லாதீங்க."

இரண்டு பேரையும் ஒரே கோட்டில் திருப்திப்படுத்த வேண்டும். போடில் அரை மணி நேரம் நான்காவது படத்தின் முன்னால் நின்றாள். பிறகு திரும்பி வருவதற்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு கட்டம் போட்டாள்: 'தள்ளுவண்டி.' திரும்பி வந்த புத்தகம் நூலக வாசலருகே நிற்கும் தள்ளுவண்டியில் காத்திருக்கும். பணியாளர் புரட்டிப் பார்ப்பார். கறை இல்லை, கிழிசல் இல்லை என்றால் ஒரு பொத்தான். அந்தக் கணமே ஆளின் பேர் அறுந்து போகும், புத்தகம் அலமாரிக்குப் போகும். அதுவரை அதை யாருக்கும் இரவல் தர முடியாது.

விபெகே தன் விரலால் நடத்திப் பார்த்துத் தலையாட்டினார். ஃபிளெமிங்கும் தொலைபேசியில் கேட்டுவிட்டு, "ம்... அது சரி," என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு. போடில் அன்று மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு, இன்னொரு தாளுக்குச் சுவரில் இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க நூலகத்துக்கு வந்தாள். பணியாளர்கள் வருவது பத்து மணிக்கு. அதுவரை, ஊரில் யார் வேண்டுமானாலும், எல்லோருக்கும் அரசு தரும் மஞ்சள் நிறச் சுகாதார அட்டையைக் கதவில் காட்டிவிட்டு உள்ளே வரலாம். படிக்கலாம், புத்தகம் வைக்கலாம், மெஷினில் தட்டித் தாங்களே இரவல் பதிந்து எடுத்துப் போகலாம். காவலுக்கு ஒருத்தரும் கிடையாது. இத்தனை மாதத்தில் போடில் அந்த நேரத்தில் வந்ததே இல்லை. அவள் பேசவேண்டியவர்கள் பத்து மணிக்கு அப்புறம்தானே இருப்பார்கள்.

வாசலருகே தள்ளுவண்டி நின்றது. அதன் மேல், "இங்கிருந்து எடுக்க வேண்டாம், இவை இன்னும் அடுக்கப்படவில்லை" என்று விபெகேயின் கையெழுத்தில் ஓர் அட்டை. அட்டைக்குக் கீழே குனிந்து, சிப்பிப் படகுக்காரர் ஒருவர் ரப்பர் காற்சட்டையோடு புத்தகங்களைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒன்றை உருவினார், பின்னட்டையைப் படித்தார், மெஷினில் தட்டினார், கிளம்பினார்.

போடில் அவரை வாசலில் மறித்தாள். "அது இன்னும் அலமாரிக்கே போகலையே?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க எதுக்குங்க போகணும்? எவனும் எடுக்காத புத்தகம்தான் அலமாரியில இருக்கும். நாலு பேர் படிச்சிட்டு வச்சது இதுலதான வருது."

"அட்டையில வேணாம்னு எழுதியிருக்கே?"

"ஆமா, பல வருசமா எழுதியிருக்கு," என்றார் மரியாதையாக. கதவைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கு வழிவிட்டுப் போனார்.

போடில் அளவு நாடாவைப் பையில் போட்டாள். செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்து பத்து மணி வரை எண்ணினாள். பள்ளி ஆசிரியை, தபால்காரர், சக்கர நாற்காலியில் வந்த ஒருவர், பிள்ளை வண்டி தள்ளிய இரண்டு தகப்பன்மார். மொத்தம் இருபத்தேழு புத்தகம் வெளியே போனது. பதினெட்டு தள்ளுவண்டியிலிருந்து. அத்தனை பேரும் அட்டையைப் பார்த்தார்கள், ஒருவரும் அதை நகர்த்தக்கூட இல்லை; சுற்றிக் கையை விட்டு எடுத்தார்கள்.

அவள் படத்தின்படி கட்டியிருந்தால் அந்தப் பதினெட்டுப் புத்தகத்துக்கும் மெஷின் 'முடியாது' என்று சொல்லியிருக்கும். காலை ஏழு மணிக்கு, கேட்க ஆளில்லாத இடத்தில். நூலகம் எப்படி நடக்கிறதென்று அவள் நூலகர்களைக் கேட்டாள். அவர்களும் ஒளிக்காமல் சொன்னார்கள். தாங்கள் இருக்கும்போது எப்படி நடக்கிறதோ, அப்படி.

பத்து மணிக்கு விபெகே வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் கழுத்துவரை சிவந்துபோனார்.

"எடுப்பாங்கன்னு தெரியும். இவ்வளவு எடுப்பாங்கன்னு... இப்ப இருக்கிற மெஷின் எதுவும் கேக்காது, கொடுத்துடும். அதனால நான் அத ஒரு விஷயமாவே நினைக்கல. அட்டை வச்சாச்சு, முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன்." குரலைத் தாழ்த்தி, "நானும் சனிக்கிழமையில எடுப்பேன்," என்றார்.

டோர்கில் சிரித்த சிரிப்பு மேல்தளம் வரை கேட்டிருக்கும். "ஏழு மீட்டர் காகிதம்! மூணு மாசம்! ஒரு சிப்பிப் படகுக்காரர் வந்து ஓட்டை போட்டுட்டுப் போயிட்டாரு!"

"சிரிச்சு முடிச்சியா?"

"முடிச்சிட்டேன். இப்ப நான் சொல்றதக் கேளு." இந்தத் தடவை அவன் கால் நிஜமாகவே தரையில் இருந்தது. "நாளைக்கு வர்ற நாலு பேருக்கும் இது தெரியப் போறதில்ல. படம் பாக்க ஒழுங்கா இருக்கு. அப்படியே காட்டுவோம், கை தூக்கட்டும். எழுதும்போது நான் சரி பண்ணிக்கிறேன். இன்னைக்குப் போய்க் கைய வச்சா இருக்கிறதும் குழம்பிடும்."

அது முட்டாள்தனமான யோசனை அல்ல, போடிலுக்கும் தெரியும். மூன்று கை உயர அதுதான் சுருக்கு வழி. ஆனால் தப்பென்று தெரிந்த கோட்டின் மேல் இன்னொருவர் விரலை வைத்து நடத்திக் காட்ட அவளுக்கு வராது.

"நீ எழுதும்போது சரி பண்ணினா அது உன் தலைக்குள்ள இருக்கும். இங்க இருக்காது. போய்ச் சிவப்புப் பேனா எடுத்துட்டு வா."

முடிச்சு உண்மையிலேயே சிக்கலானது. தள்ளுவண்டியில் இருக்கும் புத்தகத்தில் முந்தைய ஆளின் பேர் இன்னும் ஒட்டியிருக்கிறது. அடுத்தவர் எடுத்தால் ஒரு பிரதியில் இரண்டு பேர். கறையைக் கண்டுபிடித்தால் கொட்டியது இவரா, அவரா? முந்தைய பேரை உடனே அறுத்தால் ஃபிளெமிங் கை தூக்கமாட்டார். அறுக்காவிட்டால் விபெகே சம்மதிக்கமாட்டார். தள்ளுவண்டியைப் பூட்டி வைத்தாலோ ஊரே கோபித்துக்கொள்ளும்.

மதியம் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த ஹெர்ரிங் மீனுமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். போடில் பாதி ரொட்டியில் நிறுத்தினாள். அந்தப் படகுக்காரர் புத்தகத்தை எடுத்ததும் என்ன செய்தார்? பின்னட்டையைப் படித்தார். அதற்கு முன்னால், கட்டைவிரலால் பக்கங்களை ஒரு தடவை விசிறிப் பார்த்தார். தள்ளுவண்டியிலிருந்து எடுத்த அத்தனை பேரும் அதைச் செய்தார்கள்.

"பணியாளர் எதுக்குப் பாக்கணும்?" என்றாள். "அடுத்து எடுக்கிறவங்கதான் ஏற்கெனவே பாக்கிறாங்களே."

தள்ளுவண்டியிலிருந்து வாசகருக்கு நேராகச் சிவப்பில் ஓர் அம்பு போட்டாள். அம்பின் நடுவே ஒரு கேள்வி: புத்தகம் நல்லா இருக்கா? 'ஆமாம்' என்று தொட்டால் பழைய பேர் அறும், புதுப் பேர் ஒட்டும், ஒரே கணத்தில். 'இல்லை' என்றால் புத்தகம் பக்கத்துப் பெட்டிக்குப் போகும், பேர் பணியாளர் பார்க்கும்வரை இருக்கும். யாரும் எடுக்காததை மட்டும் பணியாளர் மறுநாள் பார்ப்பார்.

"முன்னாடி எடுத்தது யாருன்னு புது ஆளுக்குத் தெரியுமா?" என்றார் விபெகே, முதல் காரியமாக.

"திரையில ஒண்ணும் வராது. கேள்வி மட்டும்தான்."

விபெகே விரலை வைத்து நடந்தார். இரண்டு முறை. பிறகு ரொட்டியின் மீதியை எடுத்துக்கொண்டு மேலே போனார்.

வெள்ளிக்கிழமை ரொட்டி வாங்கி வரும் முறை டோர்கிலுடையது. கசகசா தூவிய சூடான பன்களும் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் மேசையில் இருந்தன. குழுவின் நான்கு பேரும் மேல்கோட்டைக் கழற்றி மாட்டினார்கள். நேரம் நிறையக் கிடப்பதுபோல் ஃபிளெமிங் மட்டும் நிதானமாக ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார்.

போடில் எடுத்த எடுப்பிலேயே சிவப்பு அம்பைக் காட்டினாள். "இது நேத்து மதியம் போட்டது. நேத்துக் காலைவரைக்கும் இந்தப் படம் தப்பா இருந்துச்சு." தள்ளுவண்டிக் கதையை எண்ணிக்கையோடு சொன்னாள். டோர்கில் தலையில் கை வைத்துக்கொண்டான்.

ஃபிளெமிங் கத்தியை வெண்ணெயில் குத்தி நிறுத்தினார். "நேத்தா?"

"நேத்துத்தான்."

"மூணு மாசமாப் பாத்துட்டு நேத்து ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கீங்க. அப்ப இன்னும் எத்தன இருக்கு?"

மற்ற மூன்று பேரின் முகமும் ஃபிளெமிங் பக்கம் திரும்பியதைப் போடில் பார்த்தாள். மூன்று கை உயர்வதும் உயராததும் அந்தப் பதிலில்தான்.

"தெரியல," என்றாள். "அதைத்தான் கேக்கப் போறேன். ஆளுக்கொரு புத்தகம் எடுங்க. நூலகத்துல நிஜமா என்ன செய்வீங்களோ அத மட்டும் செய்யுங்க. நல்ல பிள்ளை மாதிரி நடிக்க வேணாம். விரல் போற இடத்துல கோடு இல்லைன்னா சத்தமாச் சொல்லுங்க."

முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு ஒருவர், "நான் புத்தகத்தைத் தொலைச்சிட்டேன்," என்றார், கோடு இருந்தது. இன்னொருத்தி, "என் பையன் கார்டுல நான் எடுக்கிறேன்," என்றாள், இருந்தது. "எங்க ஊர்லயும் தள்ளுவண்டிதான்," என்று மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டாள். "நாங்க அட்டைகூட வைக்கல." மூன்றாமவர் வேற்றூரில் திருப்பிக் கொடுத்தார், அதற்கும் கோடு இருந்தது.

ஃபிளெமிங் தடித்த துப்பறியும் நாவல் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிவப்பு அம்பின் முன்னால் நின்றார். நகரவில்லை.

"இந்த நாவலுக்கு நான் பேர் கொடுத்துட்டு வரிசையில காத்திருக்கேன். பதினோரு வாரம். சரியா?"

"சரி."

"இன்னைக்கு ஒருத்தன் திருப்பி வைக்கிறான். காலங்காத்தால ஆளில்ல. உங்க படகுக்காரர் வர்றாரு. விசிறிப் பாக்கிறாரு. நல்லா இருக்கு. ஆமாங்கிறாரு." விரல் சிவப்பு அம்பு வழியாக வழுக்கிக்கொண்டு வாசகரிடம் போய்ச் சேர்ந்தது. "போயிட்டாரு! என் புத்தகத்தோட! நான் பன்னெண்டாவது வாரமும் உக்காந்திருக்கேன்!"

போடில் பார்த்தாள். காத்திருப்போர் யாரும் உண்டா என்ற சோதனை அலமாரிக்குப் போகும் வழியில் சரியாக நின்றது. அவள் நேற்று போட்ட குறுக்கு வழி அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. காது சூடேறியது. ஆனால் கை அதற்குள் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டிருந்தது.

"இல்ல," என்றாள். "கோடு இல்ல. நீங்க சொல்றது சரி."

அம்பின் தொடக்கத்தில், கேள்விக்கு முன்னால், ஒரு சின்னச் சாய்சதுரம் வரைந்தாள்: யாராவது காத்திருக்காங்களா? 'ஆம்' என்று ஒரு கோடு கிளம்பி முன்பதிவு அலமாரிக்குப் போனது. 'இல்லை' என்றது சிவப்பு அம்போடு சேர்ந்தது. மூடியை மூடினாள்.

"மறுபடி நடங்க."

ஃபிளெமிங் நடந்தார். விரல் முன்பதிவு அலமாரியில் போய் நின்றது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு நிமிசம் ஆகல." டோர்கில் பக்கம் திரும்பினார். "ஏன்ப்பா, எல்லாத்தையும் எழுதி முடிச்சதுக்கப்புறம் நான் இதக் கேட்டிருந்தா உனக்கு எத்தன நாளு?"

டோர்கில் போடிலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். பொய் சொல்ல ஆசைதான். "நாலு வாரம். அதுவும் நாலு ஊர்லயும் மெஷின நிறுத்திட்டு."

"அந்தப் பெரிய கம்பெனி விக்கிறதுல?"

"அதுல கேக்கவே முடியாதுங்க. அவங்க எப்படிச் செஞ்சாங்களோ அப்படித்தான்."

ஃபிளெமிங் போடிலிடம் குனிந்து தணிந்த குரலில் கேட்டார். "நான் கண்டுபிடிக்கணும்னு வேணும்னே விட்டு வச்சீங்களா?"

"தெரிஞ்சிருந்தா நேத்தே போட்டிருப்பேன். என்னை அவ்வளவு கெட்டிக்காரின்னு நினைக்காதீங்க."

அவர் நிமிர்ந்தார். "கை தூக்கறவங்க தூக்குங்க," என்றார். மூன்று கை உயர்ந்தன. அவர் நாவலைப் பிடித்திருந்த கையையே உயர்த்தினார், நான்காவதாக.

டோர்கில் மடிக்கணினியைத் திறந்துகொண்டிருந்தான்.

"அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் ஃபிளெமிங். "ஒரு நிபந்தனை இருக்கு. இந்தக் காகிதம் ஒவ்வொரு ஊர் நூலகத்துலயும் ஒரு வாரம் தொங்கணும். தள்ளுவண்டிக்குப் பக்கத்துல. வர்றவன் போறவன் எல்லாம் விரல வச்சு நடக்கட்டும். அப்புறம் எழுது."

"நாலு வாரமா!" என்றான் டோர்கில்.

"எங்க ஊருக்கு முதல்ல," என்றாள் பையன் கார்டுக்காரி. "எங்க ஆளுங்க எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பாங்க."

போடில் நாட்காட்டியைப் பிரித்தாள். "செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஒட்டிடறேன்," என்றாள். "பணியாளர் யாரும் வர்றதுக்கு முன்னாடி."